பதினோராவது பீர்க்கங்காய்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவில் மழை இல்லை. வானம் மூடிக் கிடந்தது. காற்று அசையவில்லை. புல்லில் மட்டும் பனி ஈரம் இருந்தது. புக்கிட் ரோத்தானில் எங்கள் வீட்டின் பின்புறம், பீர்க்கங்கொடிப் பந்தலுக்குக் கீழே நின்றபோதுதான் இலைகளில் அந்த வெள்ளையைப் பார்த்தேன்.

கோலமாவை விரலால் தொட்டு வைத்ததுபோல் சிறு சிறு வட்டங்கள். முதலில் நாலைந்து இலைதான் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தேன். மூன்று கொடிகளிலும் சேர்த்து நாற்பத்தொரு இலைகள். அவற்றில் சிலவற்றைத் திருப்பினால் அடியில் கடுகைவிடச் சிறியதாகப் பச்சை அசுவினிப் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கொடியில் அன்று பறிக்கத் தக்க காய்கள் இருபத்துமூன்று. இதை நான் நினைவிலிருந்து சொல்லவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

வேறு சமயமாக இருந்தால் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாசார்ச் சந்தையில் காய் வாங்கியிருப்பேன். ஆனால் அந்தக் காய்களுக்கு ஒரு வேலை இருந்தது. மே இருபத்துநான்காம் தேதி என் மகளுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. மறுநாளே என் மனைவி பெட்டியோடு சுங்கை சோவுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு. பீர்க்கங்காய், முருங்கைக்கீரை, பிஞ்சுக் கத்தரிக்காய் என்று ஆகிற காய்கள் கொஞ்சம்தான். அவற்றில் பீர்க்கங்காய் நம் வீட்டில் காய்க்கிறது. வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை காலையில், மருமகன் காரில் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

புறப்படும்போது மனைவி சொன்னது இது: "கடைக் காய்க்கு எவன் என்ன மருந்து அடிச்சிருக்கானோ தெரியாது. பால் குடுக்குறவ திங்கப் போறா. நம்ம காய் மட்டும்தான். நீங்க பாட்டுக்குத் தோட்டத்து நெனப்புல மருந்து கிருந்து அடிச்சிடாதீங்க."

கார் கதவைச் சாத்துவதற்குள் இதையே நான்கு முறை சொன்னாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஸ்டோர் கிராணியாக, அதாவது சரக்கறைக் கணக்கராக, இருந்தவன். உரமும் மருந்தும் தெளிக்கும் பம்புகளும் என் பொறுப்பில்தான் இருந்தன. மருந்தென்றால் எனக்குப் பயமில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது.

அன்று காலை அவளுக்குப் போன் செய்தேன்.

"பீர்க்கன் இலையில வெள்ளையா பூத்திருக்கு."

"எத்தன இலை?"

"நாப்பத்தொண்ணு. அடியில பூச்சி வேற."

"எண்ணிட்டுதான் கூப்பிடுறீங்களாக்கும். சாம்பலத் தூவுங்க. பனி காயுறதுக்குள்ள தூவணும், அப்பதான் ஒட்டும்."

"சாம்பலுக்கு நான் எங்க போவேன்? நம்ம வீட்டுல கேஸ் அடுப்பு."

"அதையும் இங்கருந்து நானே ஊதி விடணுமா? பிள்ளைக்குத் தண்ணி ஊத்த நேரமாச்சு, வைங்க."

வைத்துவிட்டாள். பனி காய்ந்துகொண்டிருந்தது. சாம்பலுக்கு யார் வீட்டைத் தட்டுவது என்று யோசித்துக்கொண்டே உள்ளே வந்தவன், சாமி அலமாரிக்கு முன்னால் நின்றேன். பேத்தியின் முப்பதாம் நாள் சடங்குக்கென்று மனைவி வாங்கி வைத்த திருநீற்றுப் பொட்டலங்கள் இரண்டு அங்கே இருந்தன. பிரிக்காதவை.

திருநீறும் சாம்பல்தானே என்று தோன்றியது. சாணத்தைச் சுட்டு எடுத்த சாம்பல், அதுவும் சலித்தது. இதைவிட நல்ல சாம்பல் எங்கே கிடைக்கும்? கால்படும் மண்ணில் விழுமே என்று ஒரு கணம் தயங்கினேன். பந்தலுக்குக் கீழே பழைய செய்தித்தாள்களை விரித்தேன், ஒன்பது தாள்கள். நாற்காலியில் ஏறி நின்று, இரண்டு பொட்டலங்களையும் இலை மேலும், இலைக்கு அடியிலும், காய்கள் மேலும் ஒன்று விடாமல் தூவினேன். சந்தன வாசனை தெருவரைக்கும் போயிருக்கும்.

அது சாணம் சுட்ட சாம்பல் இல்லை என்று பத்து மணி வெயிலில்தான் தெரிந்தது. பனி ஈரத்தில் குழைந்து, வெயிலில் காய்ந்து, சுவருக்கு அடித்த சுண்ணாம்புபோல் இறுகிவிட்டது. என்ன மாவைக் கலந்து விற்கிறார்களோ. இலையை ஆட்டினால் உதிரவில்லை. பீர்க்கங்காயின் மேல் நீளநீளமாக வரம்புகள் இருக்குமல்லவா, அந்த வரம்புகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களில் எல்லாம் வெள்ளைக் கோடு இறங்கி நின்றது. எறும்புகள் அதன்மேல் வழக்கம்போல் நடந்தன.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பேனாவும் குறிப்பேடுமாகப் போனேன். நோய் பிடித்த இலை நாற்பத்தொன்றிலிருந்து கூடியதா குறைந்ததா என்று எண்ண வேண்டும். எண்ண முடியவில்லை. நோயும் வெள்ளை, திருநீறும் வெள்ளை. நூற்று எழுபத்திரண்டு இலைகளும் ஒரே மாதிரி இருந்தன. என் குறிப்பேட்டில் அன்றைய தேதிக்கு நேரே கோடு மட்டும்தான் இருக்கிறது.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் வந்து நின்றார். என்னைவிட இருபது வயது இளையவர். ஈஜோக்கில் அவருக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனை இரண்டரை ஏக்கர் இருக்கிறது, குலை ஏற்ற ஒரு சின்ன லோரியும் உண்டு. அவருடைய அப்பா நான் வேலை பார்த்த தோட்டத்தில் மருந்து தெளித்தவர். அந்த உரிமையில் இவர் இன்றும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன கிராணி, கொடி பத்துமலைக்கு வெரதம் இருக்கா? காவடி எப்ப தூக்குது?"

"நோய் வந்திருக்கு. சாம்பல் போட்டேன்."

"இது சாம்பலா? எனக்கு இங்கருந்தே கும்பிடணும் போல இருக்குலா."

சிரித்து முடித்த பிறகு நல்ல யோசனை ஒன்றும் சொன்னார். பூச்சிக்குச் சவுக்காரத் தண்ணீர், வெள்ளை நோய்க்கு அதிலேயே கொஞ்சம் ஆப்பச்சோடா. இது நானும் கேள்விப்பட்டதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பச்சோடா, பாத்திரம் கழுவும் சவுக்காரத் திரவம் அரைத் தேக்கரண்டி. வெயில் ஏறுமுன் அடிக்க வேண்டும். பால் குடிக்கும் பிள்ளைக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை, காயைக் கழுவினால் போயிற்று.

"கையால தொடச்சா என்னைக்கு முடியும்? என் பம்பு சும்மாதான் கெடக்கு, எடுத்துக்குங்க" என்றார். முதுகில் மாட்டும் பம்பு, வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்.

நான் கேள்வி கேட்காமல் எதையும் வாங்குகிறவன் இல்லை. எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டேன். பதினாறு. வாஷர் ஒழுகுமா என்று கேட்டேன். ஒழுகாது. தோள் வார் என் எடைக்கு நீளுமா என்று கேட்டேன். நீளும். மூன்று கேள்விகள். நான்காவதாக ஒன்று கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்துக் காய்களைப் பறித்துக் கூடையில் வைத்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்: இருந்தது 23, பறித்தது 10, மீதி 13. சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குப் பம்பில் பத்து லிட்டர் கலந்து முதுகில் ஏற்றினேன். எனக்கு எழுபத்துமூன்று வயது. முதல் கொடிக்கும் இரண்டாவது கொடிக்கும் இலைக்கு மேலும் கீழும் தாராளமாக அடித்தேன். திருநீறு கரைந்து பாலாக வழிந்தது, இலைகளும் காய்களும் பச்சையாக வெளியே வந்தன. மூன்றாவது கொடி அரைவாசி ஆவதற்குள் பம்பு காலி. இடுப்பும் அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை. பாக்கியை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மருமகன் எட்டரைக்கு வந்தார். "எத்தன காய் மாமா?" என்று கேட்டார். "பதினொண்ணு" என்றேன். "நான் திரும்ப எண்ணி வாங்கணுமா, இல்ல அப்படியே போகலாமா?" என்றார். எண்ணிக்கொண்டு போனால் நல்லதுதான் என்றேன். சிரித்துக்கொண்டே கூடையைக் காரில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இலைகளில் வெளிறிய திட்டுகள் தெரிந்தன. நோய் விட்டுப் போகும் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை, ஜூன் பன்னிரண்டு, காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது, முதல் இரண்டு கொடிகளும் மூன்றாவதில் பாதியும் வெந்நீரை ஊற்றியதுபோல் கருகித் தொங்கின. நடுநரம்பு மட்டும் பச்சை, சுற்றிலும் பழுப்பு. கீழே புல்லும் அந்த இடத்தில் மட்டும் வட்டமாகக் காய்ந்திருந்தது.

அந்தப் புல்லைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தோரு ஆண்டுகள் அந்த மாதிரிக் காய்ந்த புல்லுக்குத்தான் நான் கணக்கு எழுதினேன்.

வேலியருகே போய்க் கூப்பிட்டேன். பல் துலக்கிக்கொண்டே வந்தவர் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயிலிருந்ததைத் துப்பினார்.

"அந்தப் பம்புல கடைசியா என்ன அடிச்ச?"

"புல்லு மருந்து, கிராணி. போன மாசம், ஈஜோக்குல. ஆனா கழுவினேன்லா."

"எத்தன வாட்டி?"

"ஒரு வாட்டி."

எங்கள் தோட்டத்தில் நாற்பத்தெட்டுப் பம்புகள் இருந்தன. புல் மருந்துக்கு நாற்பது, அவற்றுக்குச் சிவப்புப் பட்டை. பூச்சி மருந்துக்கு எட்டு, அவற்றுக்குப் பச்சைப் பட்டை. சிவப்புப் பம்பு ஒரு நாளும் பச்சை வரிசைக்கு வந்ததில்லை. எல்லாவற்றையும் மூன்று முறை கழுவி, மூன்றாம் தண்ணீரை எனக்குக் காட்டிவிட்டுத்தான் ஸ்டோருக்குள் வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். அப்படிப்பட்ட நான், பட்டையே இல்லாத பம்பை வேலிக்கு மேலே வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டேன்.

கொடி போனால் போகட்டும், நல்லவேளை காய்களைப் பம்பு அடிப்பதற்கு முன்தினமே பறித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மீதிக் காய்களைப் பறித்துக் குப்பையில் போட வேண்டும், பதின்மூன்று இருக்கும் என்று எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டுதான் இருந்தன. மறுபடியும் எண்ணினேன். பன்னிரண்டு. பந்தலுக்குக் கீழே விழுந்திருக்கிறதா என்று தேடினேன். அணில் இழுத்திருக்குமோ என்று பார்த்தேன். பறித்த காம்பு ஒன்று கத்தியால் வெட்டியதுபோல் நேராக, பின்கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை, எட்டு இருபதுக்கு, கூடையைக் கடைசியாக எண்ணினேன். பத்து இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் மாதத்தில் இரட்டைப்படையாக எதையும் கொடுத்து அனுப்புவதில்லை. பழமோ பாக்கோ காயோ, ஒற்றைப்படையாகத்தான் போக வேண்டும். அதனால் கத்தியை எடுத்துப் பின்கதவுக்கு வெளியே கை நீட்டி, எட்டிய முதல் காயை வெட்டினேன். அது ஈரமாக இருந்தது. நான் கட்டியிருந்த கைலியில் துடைத்துக் கூடையின் மேல் வைத்தேன். எண்ணிக்கை சரியாகிவிட்ட நிம்மதியில் வேறு எதையும் நினைக்கவில்லை.

புல் மருந்து பட்ட ஒரு காய் சுங்கை சோவுக்குப் போயிருக்கிறது. போய் இரண்டு நாள் ஆகிறது.

மனைவிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒன்பது மணியிலிருந்து ஒன்பதரைக்குள் ஏழு தடவை செய்தேன். மகளைக் கூப்பிட மனம் வரவில்லை. அவளிடம் என்னவென்று சொல்வது? கடைசியில் மருமகனைத் தொழிற்சாலையில் பிடித்தேன். அவர் பக்கத்தில் இயந்திரச் சத்தம்.

"வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க மாப்ள?"

"நல்லா இருக்காங்க மாமா. நேத்துதான் பாப்பா தூங்கவே இல்ல. வயிறு சரியில்லபோல. ரொம்ப அழுதுச்சு. மாமா, சூப்பர்வைசர் கூப்பிடுறாரு, அப்புறம் பேசுறேன்."

போனை வைத்துவிட்டார். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே லோரியின் கதவைத் திறந்துவிட்டார்.

ஈஜோக் வழியாகப் போனோம். லோரியில் செம்பனைக் குலையின் எண்ணெய் வாடை. நான் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, பதினொரு காயில் ஒன்று, மூன்று நாளில் எத்தனை சமைத்திருப்பார்கள், அந்த ஒன்று அதில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எழுதி எழுதி அடித்தேன். குலுக்கலில் எழுத்து கோணியது.

"ஒரு காய்தான் கிராணி" என்றார் அவர். "அதுவும் பம்புல ஒட்டியிருந்த கொஞ்சூண்டுதான்."

"அந்தக் கொஞ்சூண்டு ரெண்டு கொடியக் கொன்னிருக்கு. பிள்ளைக்குப் பத்தொன்பது நாள்."

அவர் கியரை மாற்றினார். பிறகு, "எங்க அப்பா சொல்லுவாரு" என்றார். "மழையில நனைஞ்சுகிட்டு வந்து நிப்பாராம். நீங்க மூணாந் தண்ணியப் பாத்துட்டு, இன்னும் நொர வருது, போய்க் கழுவுன்னு திருப்பி அனுப்புவீங்களாம். அன்னைக்கெல்லாம் வீட்டுல உங்களத் திட்டாத திட்டு இல்ல."

"இப்ப நீயும் திட்டு."

"இப்ப எங்கருந்து திட்டுறது? தப்பு எம்மேலயும்ல இருக்கு."

ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தில் சுங்கை சோ வந்தது. மகள் வீட்டு இரும்புக் கதவு திறந்தே இருந்தது. மனைவி ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, சொல்லாம கொள்ளாம? யாருக்கு என்ன ஆச்சு?"

"பீர்க்கங்காய் எத்தன இருக்கு?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பின்னால் நின்றவரிடம், "என்ன தம்பி, இத எண்ணவா இவர லோரியில ஏத்திக்கிட்டு வந்தீங்க?" என்றாள். அவர் லோரியைத் துடைப்பதற்குத் துணி தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

நான் சமையலறைக்கே போய்விட்டேன். கூடையில் நான்கு காய்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். நான்கிலும் வரம்புகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. திருநீறு இருந்தால் தண்ணீர் படவில்லை. தண்ணீர் படவில்லை என்றால் பம்பு படவில்லை. இந்த நான்கும் வெள்ளிக்கிழமை பறித்தவை.

"சமைச்சது எத்தன?"

"சனிக்கிழம ரெண்டு, நேத்து ரெண்டு, இன்னைக்கு ரெண்டு. இப்ப எதுக்கு இந்த வெசாரண?"

ஆறும் நான்கும் பத்து.

"அந்த ஆறுலயும் திருநீறு இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அதுதான் அவள் காத்துக்கொண்டிருந்த கேள்வி போலிருக்கிறது. "திருநீறா? அத நானே கேக்கணும்னு இருந்தேன். சாமிக்கு வாங்கி வச்சத எடுத்துப் பீர்க்கங்காய்க்குப் பட்ட போட்டு அனுப்பிச்சிருக்கீங்க! தண்ணியில போட்டா போகல, துணியில தொடச்சா போகல. பழைய பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ எடுத்து ஒவ்வொரு பள்ளமா தேச்சேன். ஆறு காய்க்கும் தேச்சேன். உப்புத் தண்ணியில ஊறப் போட்டு, தோலச் சீவிட்டுத்தான் சமைச்சேன். பிள்ளையக் குளிப்பாட்ட அவ்வளவு நேரம் ஆகல எனக்கு."

அவள் திட்டத் திட்ட எனக்கு மூச்சு திரும்பியது. இன்னும் ஒன்று பாக்கி.

"பதினொண்ணு குடுத்தனுப்பிச்சேன்."

"ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சு. அது பின்னால இருக்கு."

வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில், ஆணியில், பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு மாட்டியிருந்தாள். பையைத் தொடாமல் வெளியிலிருந்தே பார்த்தேன். பதினோராவது பீர்க்கங்காய். முழுசாக இருந்தது. காம்பு நேராக வெட்டியிருந்தது.

"எடுத்ததும் மூக்குல வச்சேன்" என்றாள். "பாத்திரம் கழுவுற எலுமிச்ச சவுக்கார வாசம். பால் குடுக்குறவளுக்குச் சவுக்காரத்தையா ஊட்டுவாங்க? சனிக்கிழம மாப்ளகிட்ட குடுத்து உங்க கையிலயே சேக்கச் சொல்லலாம்னு மாட்டி வச்சேன்."

அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். பம்பு, ஒரு முறை கழுவியது, கருகிய கொடி, ஒற்றைப்படை. உள்ளே மகள் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"முப்பத்தோரு வருஷம் மத்தவங்க பம்ப எண்ணுனீங்க" என்றாள் மெதுவாக. உடனே, "அத முதுகுல மாட்டுனீங்களே, உங்க மேல ஒழுகலையே? கை கழுவுனீங்களா? அந்தக் கைலியத் தொவச்சீங்களா?" என்றாள்.

கைலியைத் துவைக்கவில்லை என்றும், இரண்டு ராத்திரி அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன் என்றும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். முதுகைத் திருப்பச் சொல்லி, சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"பாப்பாவுக்கு வயிறு சரியில்லன்னு மாப்ள சொன்னாரே?"

"அது உங்க மக செஞ்ச வேல. நான் குளிக்கப் போன நேரம் பாத்து காரமா மாங்கா சம்பால் தின்னுருக்கா. கேட்டா, ஒரு வாய்தான்ம்மாங்கிறா. அதுக்கு ராத்திரி பூரா தோள்ல போட்டு நடந்தவ நான்." மாங்காய்க்கும் பிள்ளையின் அழுகைக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அன்று நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது. "காலையில நர்சு வந்து பாத்துட்டுத்தான் போனாங்க. வயித்தத் தட்டிப் பாத்தாங்க, நல்லாருக்குன்னாங்க. அதுக்குத்தான் போன எடுக்கல."

வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் அரசாங்க நர்ஸ். அவர் எழுதிவைத்துப் போன அட்டையைக் கேட்டு வாங்கினேன். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூற்று ஐம்பது கிராம். அன்று காலை மூன்று கிலோ இருநூறு. பத்தொன்பது நாளில் முந்நூற்று ஐம்பது கிராம் கூடியிருக்கிறது. அந்தக் கழித்தலை நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் முந்நூற்று ஐம்பதுதான். பிள்ளை தொட்டிலில் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு தூங்கியது. மூச்சை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்தேன்.

மத்தியானம் எங்கள் இருவரையும் சாப்பிடச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே நிற்கிறேன் என்றார். "உள்ள வாங்க தம்பி, பம்பக் கழுவத் தெரியாட்டியும் கை கழுவத் தெரியும்ல?" என்று கூப்பிட்டாள். மிளகு போட்ட பீர்க்கங்காய்க் கூட்டு. அன்று சமைத்த அந்த இரண்டு காய்தான். அவர் தட்டில் கூட்டை ஊற்றியதும் என்னைத்தான் பார்த்தார். நான் முதலில் சாப்பிட்டேன்.

பதினோராவது காயையும், அதோடு ஒரே கூடையில் கிடந்த அந்த நான்கு காய்களையும் பையில் கட்டிக் கொண்டுவந்து, கொடியில் இருந்த பன்னிரண்டோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். யாரும் எடுத்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் துண்டாக வெட்டித்தான் போட்டேன். முதல் கொடியும் இரண்டாவதும் அந்த வாரமே செத்துவிட்டன. மூன்றாவது கொடியில் பம்பு எட்டாத பாதி பிழைத்தது. கருகிய பக்கத்தை வெட்டிவிட்டேன். மிஞ்சிய இலைகள் இருபத்தொன்பது, அவற்றில் வெள்ளை பிடித்தவை பதினாறு.

இந்த முறை கண்ணாடி துடைக்கும் சின்னத் தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். அதே ஆப்பச்சோடா, அதே சவுக்காரம், ஒரே ஒரு லிட்டர். ஒரு இலையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் காத்திருந்து, அந்த இலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் மற்ற இலைகளுக்கு அடித்தேன். மிகவும் கெட்டுப்போன ஐந்து இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டேன். பூச்சிகளை ஈரத் துணியால் இலை இலையாகத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் வெந்நீர் அடுப்பிலிருந்து நிஜச் சாம்பலைப் பால்மாவு டின்னில் கொண்டுவந்து, "இதுல சந்தன வாசன வராது கிராணி, பரவாயில்லையா?" என்று கொடுத்தார். அதை வேரைச் சுற்றிப் போட்டேன். எறும்புகள் குறைந்தன. ஜூன் இருபத்தேழாம் தேதி எழுதியது: வெள்ளை இலை, ஒன்றுமில்லை. அந்தச் சனிக்கிழமைகளில் சுங்கை சோவுக்கு முருங்கைக்கீரை மட்டும் போனது. மரத்துக்கு நான் எதுவும் அடிக்கவில்லை, தண்ணீர்கூட ஊற்றவில்லை.

அவருடைய பம்பை மூன்று முறை கழுவி, நானே சிவப்புப் பட்டை அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு பம்பு வாங்கினால் அடிக்கலாம் என்று பச்சை வண்ணமும் ஒரு சின்ன டின் வாங்கி அவரிடம் கொடுத்திருக்கிறேன். லோரிக்கு எண்ணெய்க் காசை அவர் மூன்று நாள் வாங்கவில்லை. நான்காம் நாள் அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை எட்டாம் தேதி மனைவி வந்தாள். பெட்டியை வைத்த கையோடு பின்புறம் போய்ப் பந்தலைப் பார்த்தாள். அரைக்கொடி, ஐந்து காய்கள். ஒன்றைப் பறித்து மூக்கில் வைத்து முகர்ந்தாள். பிறகு இன்னொன்று. ஐந்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டாள்.

"பாசார்ல போனா அஞ்சு வெள்ளிக்கு அள்ளிக் குடுப்பான்" என்றாள். "இந்த அஞ்சு காய்க்கு நமக்கு எவ்வளவு ஆச்சு?"

குறிப்பேட்டைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. திருநீறு, ஆப்பச்சோடா, சவுக்காரம், தெளிப்பான், வண்ண டின் இரண்டு, லோரி எண்ணெய், எல்லாம் சேர்த்து ஐம்பத்தைந்து வெள்ளி எழுபது காசு.